யாழ்ப்பாண முஸ்லிம்களின் கல்விப் பாரம்பரியமும் ஏ. எம். ஏ. அஸீஸும்

ஒரு சமூகத்தின் கல்வி வரலாற்றை அதன் பாடசாலைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மாத்திரம் அளந்துவிடுதல் இயலாது. பிள்ளைக்கு எழுத்தறிவித்தோர் யாவர், உயர்கல்விக்கு அவனை இட்டுச்சென்ற வழி யாது, வறுமை குறுக்கிட்டபோது கைகொடுத்த அமைப்பு யாது என்னும் வினாக்களும் உடன் எழுதல் வேண்டும். இவ்வினாக்களை முன்வைத்து யாழ்ப்பாண முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, பள்ளிவாசல், பாடசாலை, சமூக நிறுவனம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையும், அம்மூன்றுக்கும் அயலாரின் நல்லுறவு நிலைக்களமாய் அமைந்தமையும் புலனாகும். யாழ்ப்பாணம் ஈன்ற அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் கல்வி எழுச்சிக் காலமாகும். அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆயின் இலங்கை முஸ்லிம்கள், மிசன் பாடசாலைக் கல்வி மதமாற்றத்துக்கு வழிகோலும் என அஞ்சி அதனின்றும் ஒதுங்கி நின்றனர். பள்ளிவாசலை அடுத்த குர்ஆன் பள்ளியில் ஓதக் கற்றதன்பின் தந்தையின் வணிகத்திற் சேர்தலே பெரும்பாலான சிறுவர்க்கு வழக்கமாயிற்று. இந்நிலையை மாற்ற முனைந்தோருள் முதல்வர் அறிஞர் சித்திலெவ்வை (1838–1898) ஆவார். அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1892இற் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி தோன்றுதற்கும் காரணராயினார்.

யாழ்ப்பாணத்திலோ இச்சிக்கலுக்கு வேறொரு வழியும் திறந்திருந்தது. சோனகர் தெருவுக்கு அணித்தாகவே சைவர்களின் கல்வி நிலையங்கள் அமைந்திருந்தன. 1911 ஒக்டோபர் 4ஆந் திகதி வண்ணார்பண்ணையிற் பிறந்த அஸீஸ், முதலிற் குர்ஆன் பள்ளியிலும், அடுத்து முஸ்லிம் பாடசாலையிலும், பின்னர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றார். சைவச் சூழலிற் பயின்றமையால் அவருடைய இஸ்லாமியப் பற்றுக் குன்றவில்லை. தமிழ்ப் பற்றோ மிகுந்தது. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்ற அவர், 1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்குச் சென்றமை அவர் வாழ்வில் ஒரு திருப்பமாகும். உணவு உற்பத்தியைப் பெருக்குதற் பொருட்டு அனுப்பப்பட்ட அவர், திறமையிருந்தும் வறுமையாற் கல்வியை இழக்கும் இளைஞர் பலரை அங்குக் கண்டார். சுவாமி விபுலானந்தரோடு அவர் நெருங்கிப் பழகியதும் அக்காலத்திலேயே. கல்முனையிற் பெற்ற அனுபவம் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக உருப்பெற்றது. ஒரு செல்வரின் தனிப்பட்ட ஈகையை நம்பியிராது, சமூகம் முழுவதும் தன் பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பொறுப்பேற்றல் வேண்டும் என்பதே இதன் அடிப்படைக் கருத்தாகும்.

1948இற் சிவில் சேவையைத் துறந்து ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்ற அஸீஸ், 1961 வரை அப்பணியில் இருந்தார். பாடசாலை சென்றெட்ட முடியாத இளைஞர்களை மனங்கொண்டு, 1950இல் வை. எம். எம். ஏ. என வழங்கும் முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் அகில இலங்கைப் பேரவையை அமைத்தார். ஊர்தோறும் பள்ளிவாசலைச் சூழ்ந்து வாழ்ந்த இளைஞர் சமூகத் தொண்டில் ஈடுபட இப்பேரவை களமமைத்தது. முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என அவர் வலியுறுத்தி வந்தமையும் குறிப்பிடத்தக்கது.

ஈண்டு ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. இந்துக் கல்லூரியில் முஸ்லிம் மாணவனாகக் கற்ற அஸீஸ் அதிபராயிருந்த ஸாஹிராவிலே, கரவெட்டியைச் சேர்ந்த கார்த்திகேசு சிவத்தம்பி கற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். அவரே பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். வண்ணார்பண்ணையில் ஒரு சமூகம் பெற்றது கொழும்பிற் பிறிதொரு சமூகத்துக்குத் திரும்பி வந்தது.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கென ஒஸ்மானியாக் கல்லூரியும், பெண்களுக்கெனக் கதீஜா வித்தியாலயமும் வளர்ந்தன. அவ்வளர்ச்சி 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி அறுபட்டது. அன்று தமிழீழ விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியாலத்துள் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேராவர். மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே சென்றமையாற் பாடசாலைகள் வெறுமையாயின, பள்ளிவாசல்கள் பாழ்பட்டன. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இற் போர் முடிந்தபின் மீண்டு வந்தோர் சிலரே. கட்டடத்தைச் சில ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். வீடு, தொழில், பாடசாலை என்பன ஒருசேர அமையாதவிடத்துக் குடும்பங்கள் மீள்வது அரிது.

1973இற் காலமான அஸீஸுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் நிகழ்ந்த தன் முதலாவது பட்டமளிப்பு விழாவில் இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. பத்தாண்டுகள் கழிந்ததும் அவர் பிறந்த தெருவே ஆளின்றிக் கிடந்தது. அறிஞனைப் போற்றுதலும் அவன் சமூகத்தைக் காத்தலும் வெவ்வேறு என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. முஸ்லிம் இளைஞரின் கல்வி அவர்தம் சமூகத்தின் பொறுப்பு மாத்திரமன்று. அன்று வைத்தீஸ்வரமும் இந்துக் கல்லூரியும் செய்தவாறு, தன் வாயிலைத் திறந்து வைத்தல் அயலாரின் கடனுமாகும். அக்கடனை மறவாதிருத்தல் இப்பல்கலைக்கழகத்துக் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உரிய பணியாகும்.