காந்தமும் கத்தியும்

1624ஆம் ஆண்டு. இடித்தழித்த கோணேசர் ஆலயத்தின் கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை எழுப்பினர். அவர்தம் கப்பல்களுக்குக் கடலில் திசை காட்டியது காந்த ஊசி. அவ்வூசியை நம்பியே பின்னர் ஒல்லாந்தரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் இத்துறைமுகத்துக்கு வந்தனர். காந்தம் என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்த மாலுமியின் காந்தமே. ஆனால் அதற்கு வேறொரு வரலாறும் உண்டு.

அதே 1624இல், சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில், ஒருவரின் கண்ணில் இரும்புச் சிராய் தைத்தது. சத்திர வைத்தியர் பப்ரிசியசின் கருவிகள் பயனளிக்கவில்லை. அவர் மனைவி மேரி கொலினே ஒரு மருத்துவிச்சி. கணவரை இமைகளை விரித்துப் பிடிக்கச் செய்து, காந்தக் கல்லால் சிராயை வெளியே இழுத்தார். இவ்வுண்மையைக் கணவரே எழுதிவைத்தார். எனினும் பின்வந்தோர் பலர் புகழை அவருக்கே சூட்டினர். உடலில் தைத்த இரும்பைக் காந்தத்தால் எடுக்கும் முறையைச் சுசுருத சங்கிதையும் கூறுகிறது.

கத்தியைத் தவிர்க்கும் இந்த நல்வழி பெண்நோய்ச் சத்திரசிகிச்சையை அடைய நெடுங்காலம் ஆயிற்று. அத்துறையின் தொடக்கமோ கொடுமை நிறைந்தது. 1845க்கும் 1849க்கும் இடையே, அமெரிக்காவின் அலபாமாவில், மேரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் பிரசவத்தில் நேரும் கிழிவைத் தைக்கும் முறையைக் கண்டறிய, அனார்க்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் கத்தி வைத்தார். பயனை உலகம் பெற்றது. வேதனையை அடிமைகள் சுமந்தனர். அவர் சிலையை நியூயோர்க் நகரம் 2018இல்தான் அகற்றிற்று.

1980இல் ஜெர்மனியின் கீல் நகரில், பெண்நோய் மருத்துவர் குர்ட் செம் வயிற்றைக் கீறிப் பிளக்காமல், சிறு துளைகள் வழியே குடல்வாலை அகற்றினார். சக மருத்துவர் பலர் சீறினர். இன்று துளைகளையும் குறைக்கக் காந்தம் வந்துள்ளது. உள்ளே உறுப்பைக் கவ்வும் சிறு கவ்வியை, வயிற்றின் மேல் வைத்த காந்தம் வெளியிலிருந்தே நகர்த்திப் பிடிக்கிறது. பித்தப்பைச் சிகிச்சைக்கு இத்தகைய கருவியை அமெரிக்கா 2016இல் அனுமதித்தது. பெண்நோய்ச் சிகிச்சைக்கும் இம்முறையைக் கொண்டுவர மருத்துவர்கள் முயல்கின்றனர்.

ஒரு துளை குறைவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். திருகோணமலைக் கரையில் கருவாடு உலர்த்தும் பெண்ணைக் கேளுங்கள். காயம் ஆறப் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலியற்ற நாள். செல்வச் சீமாட்டிக்கு வடு சிறிதாவது அழகு. உழைப்பவளுக்கோ அது உலையில் இடும் அரிசி. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது நாம் பெற்றுள்ள பெரும் பேறு. புதிய கருவிகளும் அந்த இலவச வார்டின் வாசலைத் தாண்டி உள்ளே வரவேண்டும். அன்று கப்பல்களுக்கு வழிகாட்டிய காந்தம் இங்கு கோட்டையைக் கொணர்ந்தது. மருத்துவிச்சியின் கைக் காந்தம் இனியேனும் உழைக்கும் பெண்ணின் கட்டிலருகே வரட்டும்.