நாட்காட்டியை மாற்றிய கடைவீதி

கிறிஸ்து பிறப்புக்கு நம்மைத் தயாரிக்கத் திருச்சபை நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்தைத் தந்துள்ளது. கடைக்காரர்களுக்கு அது போதுவதில்லை. நாம் ஊதா உடை தரித்துப் பீடம் ஏறுமுன்னரே கடைகளில் நட்சத்திரங்கள் தொங்கிவிடுகின்றன. இது இன்று நேற்று வந்ததன்று.

அமெரிக்க நாட்டில் இறைவனின் கொடைகளுக்கு நன்றி கூறும் நாளாக நவம்பர் மாதக் கடைசி வியாழனை 1863-இல் ஜனாதிபதி லிங்கன் அறிவித்தார். அது கழிந்த பின்னரே கிறிஸ்மஸ் வியாபாரம் தொடங்குவது வழக்கமாயிற்று. 1939-இல் அந்நாள் 30-ஆம் தேதி விழுந்தது. விற்பனைக்கு 24 நாட்களே மிஞ்சுகின்றன என்று பெருவணிகர்கள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்தள்ளி 23-ஆம் தேதி என்றார். ஏறத்தாழப் பாதி மாநிலங்களே இணங்கின. டெக்சாஸ் மாநிலமோ இரு நாட்களையும் கொண்டாடித் தீர்த்தது! அவ்வாண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. வணிகர் பெற்ற நாளோ அதற்கும் பத்து நாள் முந்தியது.

இத்தனைக்கும் விற்பனை கூடவில்லையென 1941-இல் ரூஸ்வெல்ட் தாமே ஒப்புக்கொண்டார். நவம்பர் நான்காம் வியாழன் என்று சட்டம் நிலைபெற்றது, அவ்வாண்டு டிசம்பர் 26-இல், புனித முடியப்பர் திருநாளன்று. கிறிஸ்மஸ் வியாபாரம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.