மானிப்பாய்க் கலைச்சொற்களும் மீநுண் மருத்துவமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மானிப்பாயில் 1848ஆம் ஆண்டு முதல் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தை ஆங்கிலம் கற்ற சிலருக்கே உரியதாக விட்டுவிடாமல், 1860களில் தமிழையே பயிற்றுமொழியாக்கி, அதற்கு வேண்டிய நூல்களைத் தம் மாணவர்களின் துணையோடு தமிழில் ஆக்கினார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என அவை அச்சேறின. இப்பெயர்களை ஊன்றி நோக்கினாலே அவர் கைக்கொண்ட நெறி புலப்படும்: நாட்டு வைத்தியத்தில் புண்ணைக் குறித்து முன்பே வழங்கிய 'இரணம்' அறுவை மருத்துவத்துக்குப் பெயராயிற்று, உடலமைப்பை விளக்கும் நூலுக்கு வடமொழி கைகொடுத்தது, வேதியியலுக்கோ ஆங்கிலச் சொல்லே தமிழ் ஈறு பெற்றுக் 'கெமிஸ்தம்' ஆயிற்று.

கிறீன் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே குடாநாட்டில் வேரூன்றியிருந்த சித்த வைத்தியத்தில், உலோகங்களையும் தாதுக்களையும் மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடமிட்டு, அதாவது வறட்டிகளுக்கிடையே வைத்து எரித்து, பற்பம் என்னும் வெண்பொடி ஆக்குவர். பதம் வந்த பற்பம் நீரில் மிதக்க வேண்டும். விரலிடையே தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும். அதனோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், நெய், இஞ்சிச்சாறு முதலிய அனுபானமும் அளவும் நோயாளியின் உடல்வாகுக்கேற்ப மாறின. இத்தகைய சில பொடிகளில் மீநுண் துகள்கள், அதாவது நானோ அளவிலான துகள்கள், இருப்பதை இக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் முன்னோர் நானோ நுட்பம் அறிந்திருந்தனர் என்று முழங்குவது வரலாறாகாது. பொடியின் நயத்தை அவர்கள் விரலால் அறிந்தனரேயன்றி, அத்துகள் உயிரணுவினுள் செய்வதைக் காணும் கருவி அவர்களிடம் இருக்கவில்லை.

மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான நானோமீற்றரால் அளக்கப்படும் துகள்களில் மருந்தை ஏற்றி, வேண்டிய உறுப்புக்கு அனுப்புவதே மீநுண் மருத்துவம். அரிய பரம்பரை நோயுடன் பிறந்த குழந்தை ஒன்றின் மரபணுப் பிழையைத் திருத்துவதற்கென்றே ஆக்கப்பட்ட மருந்து, 2025இல் பிலடெல்பியாவில், கொழுப்புத் துகள்களில் பொதிந்து ஈரலுக்குச் செலுத்தப்பட்டது. உடல்வாகு நோக்கி அனுபானம் மாற்றிய காலம் போய், ஒரே ஒருவருக்கென மருந்தே ஆக்கும் காலம் இது. இத்தகைய மருந்து யாதென்று தமிழ் பேசும் நோயாளிக் குழந்தையின் தாய்க்குத் தமிழில் விளக்கச் சொல் வேண்டும். விளங்காத மருத்துவத்துக்கு அவள் மனமறிந்து இசைவு தருதல் இயலாது.

கிறீன் 1873இல் நாடு திரும்பிய பின் தமிழ்வழி மேலை மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை, நூல்கள் நிலைத்தன. மீநுண் மருத்துவத்துக்குக் கலைச்சொல் ஆக்க முனைவோர் முதலில் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.