ஓர் அங்குலத் தொய்வு: சங்கிலி உழவு இயந்திரத்தின் கதை

1904ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டொக்டன் நகருக்கு அருகே, ரொபர்ட்ஸ் தீவு என்னும் சதுப்பு நிலத்தில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் தமது நீராவி உழவு இயந்திரம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். அதன் பின்சில்லுகள் கழற்றப்பட்டிருந்தன. அவை இருந்த இடத்தில், மரத்துண்டுகள் வரிசையாகப் பொருத்தப்பட்ட இரண்டு நீண்ட சங்கிலிகள் சுற்றிச் சுழன்றன. ஒவ்வொன்றும் 9 அடி நீளம், 42 அங்குல அகலம். மனிதரின் காலே புதையும் மண்ணில் அந்தப் பெரும்பாரம் புதையாமல் ஊர்ந்து சென்றது.

அந்த நிலத்தின் தன்மையை அறிந்தால்தான் இதன் அருமை புரியும். ஆற்றுக் கழிமுகத்தில் நாணலும் புல்லும் பல நூற்றாண்டுகளாக மக்கி உருவான கரிய மண் அது. விளைச்சலுக்குப் பொன்னான மண். பாரத்துக்கு உதவாத மண். நீராவி இயந்திரங்கள் அதில் அச்சு வரை இறங்கிவிடும். சில்லை அகலமாக்கினால் தப்பலாம் என்று முதலில் எண்ணினார்கள். பக்கத்துக்கு மூன்று சில்லுகளாகச் சேர்த்து, மொத்த அகலம் 46 அடி வருமாறு ஓர் இயந்திரத்தையே செய்தார் ஹோல்ட். வயலைவிட இயந்திரம் பெரிதாகிவிடும் போலிருந்த அந்த வழியைக் கைவிட்ட பிறகே சங்கிலிக்கு வந்தார்.

ஊர்ந்து சென்ற அந்த இயந்திரத்தைப் படம்பிடிக்க வந்த சார்ள்ஸ் கிளெமென்ட்ஸ் என்ற புகைப்படக்காரர், அதைப் பார்த்து, மயிர்க்கொட்டி போல் போகிறதே என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. மயிர்க்கொட்டிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே 'கற்றர்பில்லர்' என்ற வணிகப் பெயராக 1910இல் பதிவு செய்யப்பட்டது. 1925இல் ஹோல்ட் நிறுவனமும், அதனோடு ஓயாது போட்டியிட்ட பெஸ்ட் நிறுவனமும் ஒன்றிணைந்தபோது, புதிய நிறுவனத்துக்கும் அதே பெயர் வாய்த்தது.

சங்கிலியை முதலில் கண்டுபிடித்தவர் ஹோல்ட்தானா என்ற கேள்விக்கு, இல்லை என்றே நான் சொல்வேன். மெய்ன் மாநிலத்தின் அல்வின் லொம்பார்ட், பனியில் மரக்குற்றி இழுக்கும் சங்கிலி இயந்திரத்துக்கு 1901இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். இங்கிலாந்தின் கிரந்தம் நகரில் ஹோர்ன்ஸ்பி நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ரொபர்ட்ஸ் இதே காலத்தில் இன்னொரு சங்கிலியை உருவாக்கினார். பிரித்தானிய இராணுவம் அதைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. உரிமை 4,000 பவுணுக்கு ஹோல்ட்டிடம் விற்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அதே இராணுவம் ஹோல்ட்டின் இயந்திரங்களை விலைகொடுத்து வாங்கிப் பீரங்கி இழுக்க வைத்தது.

ஆனால் யார் முதலில் என்ற இந்த வழக்கில் ஒரு விடயம் மறைந்துவிடுகிறது. சங்கிலியைப் போடுவது ஒரு நாள் வேலை. அதைக் கழராமல் வைத்திருப்பது இயந்திரத்தின் ஆயுள் முழுவதற்குமான வேலை.

சங்கிலி என்பது கண்ணிகளின் தொடர். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே ஓர் ஆணி. அந்த ஆணியைச் சுற்றி ஒரு புஷ். இயந்திரத்தின் பின்புறத்திலுள்ள பற்சில்லு இந்தப் புஷ்களைப் பிடித்துத்தான் சங்கிலியை இழுக்கிறது. முன்புறத்தில் பல்லில்லாத பெரிய சில்லொன்று சங்கிலியைத் திருப்பி அனுப்புகிறது. மணலும் சேறும் மூட்டுகளுக்குள் புகும்போது ஆணியும் புஷ்ஷும் தேய்கின்றன. 'சங்கிலி நீண்டுவிட்டது' என்று சாரதிகள் சொல்வது வழக்கம். இரும்பு நீள்வதில்லை. 36 மூட்டுகள் கொண்ட சங்கிலியில் மூட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால், சுற்று முழுவதிலும் 36 மில்லிமீற்றர் கூடிவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அந்த மிகையை உள்வாங்குவதற்காகவே முன்சில்லு அசையும்படி அமைக்கப்பட்டது. 1938 முதல் 1957 வரை உற்பத்தியான டி2 போன்ற பழைய இயந்திரங்களில், முன்சில்லைத் தாங்கும் கவைக்குப் பின்னால் தடித்த புரியாணி ஒன்று இருக்கும். பூட்டியிருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, பெரிய ஸ்பனரால் புரியாணியைத் திருப்பினால் சில்லு முன்னே நகரும், சங்கிலி இறுகும். பின்னர் போல்ட்டுகளை மீண்டும் பூட்டிவிட வேண்டும். பிற்கால இயந்திரங்களில் புரியாணியின் இடத்தைக் கிறீஸ் உருளை பிடித்துக்கொண்டது. கிறீஸ் துப்பாக்கியால் அடித்தால் இறுகும். திறப்பைச் சிறிதே தளர்த்தினால் கிறீஸ் வெளியேறித் தொய்யும். அந்தத் திறப்புக்கு நேரே முகத்தை வைக்கக்கூடாது. உள்ளே அடைபட்டிருக்கும் கிறீஸ் தோலைத் துளைத்துச் செல்லும் வேகத்தில் பாயக்கூடியது.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் அனுபவம் தெரியும். மேற்பக்கச் சங்கிலியைத் தாங்கும் உருளைக்கும் முன்சில்லுக்கும் இடையே நேர்க்கோல் ஒன்றை வைத்தால், பழைய நடுத்தர இயந்திரங்களில் ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை தொய்வு தெரிய வேண்டும். சரியான அளவு மாதிரிக்கு மாதிரி வேறுபடும். அந்தந்த இயந்திரத்தின் கைநூலே இறுதி. அளப்பதற்கு முன் இயந்திரத்தை முன்னோக்கிச் சிறிது ஓட்டி, பிறேக் போடாமல் தானாக நிற்கவிட வேண்டும். முன்னோக்கிப் போகையில் இழுவை கீழ்ப்பக்கத்தில் விழுவதால், தொய்வு முழுவதும் மேலே சேர்ந்துவிடும். பின்னோக்கி ஓட்டி நிறுத்தினால் மேற்பக்கம் விறைத்து நிற்கும். அந்த அளவு பொய் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. சேற்றில் வேலை செய்யும்போது பற்சில்லின் இடுக்குகளில் சேறு இறுகி, சில்லின் சுற்றளவே கூடிவிடுகிறது. கொட்டகையில் கழுவித் துடைத்து அளவாக இறுக்கிய சங்கிலி, சேற்றில் இறங்கியதும் வில்லின் நாண் போலாகிவிடும். ஆகவே எந்த மண்ணில் வேலையோ, அந்த மண் ஒட்டியிருக்கும்போதே அளக்க வேண்டும்.

நான் செய்தியாளனாகக் கிழக்கு மாகாணத்தில் திரிந்த நாட்களில், வேலைத்தலங்களில் முதிய சாரதிகளுடன் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அவர்களில் ஒருவர் சொன்னது இன்றும் நினைவிலுள்ளது. "தம்பி, தளர்ந்த சங்கிலி கத்திக் கூப்பிடும். இறுகின சங்கிலி பேசாமல் தின்னும்." தளர்ந்த சங்கிலி திருப்பத்திலும் சரிவிலும் கழன்றுவிடும், பற்சில்லின் பல்லைத் தாண்டிக் குதிக்கும், ஆனால் ஓசையால் எச்சரிக்கும். அளவுக்கு மீறி இறுகியதோ ஆணி, புஷ், உருளை, பற்சில்லு ஆகிய அனைத்தையும் ஒருசேரத் தேய்த்து, இயந்திரத்தின் வலுவையும் குடித்துவிடும். ஆணியையும் புஷ்ஷையும் அழுத்தியந்திரத்தில் கழற்றி அரைவட்டம் திருப்பிப் பூட்டினால், தேயாத பக்கம் வேலைக்கு வரும் என்பதையும் அவரே எனக்கு விளக்கினார். ஒரு கண்ணியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சங்கிலியைக் குறுக்குபவர்களைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இந்தத் தொய்வு போர் வரலாற்றிலும் புகுந்திருக்கிறது. 1915இல் பிரித்தானியர் தமது முதலாவது டாங்கியை லிங்கன் நகரில் செய்தபோது, சிக்காகோவிலிருந்து புல்லொக் நிறுவனத்தின் சங்கிலிகளைத் தருவித்தார்கள். 'லிட்டில் வில்லி' என்று பின்னர் அழைக்கப்பட்ட அந்த வாகனம் பள்ளத்தின்மேல் சென்றதும், கீழ்ப்பக்கச் சங்கிலி ஆதாரமின்றித் தொங்கியது. மறுகரையில் ஏறும்போது உருளைகளின்கீழ் ஒழுங்காகப் பொருந்தாமல் கழன்று விழுந்தது. அகழிகளைத் தாண்டுவதற்கென்றே செய்யப்பட்ட வாகனத்துக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. வில்லியம் ட்ரிட்டன், வோல்டர் வில்சன் ஆகிய இருவரும் அச்செப்டெம்பரிலேயே அழுத்திய உருக்குத் தகடுகளால் புதிய சங்கிலியை வடிவமைத்தார்கள். சட்டகத்தை விட்டு விலகித் தொங்க முடியாதபடி அதற்கு வழிகாட்டிகள் இருந்தன. 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி சொம் போர்முனையில் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின. கொண்டுசெல்லப்பட்ட 49இல் 32 மட்டுமே தாக்குதலைத் தொடங்கும் நிலையில் இருந்தன. டாங்கி எண்ணத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஏர்னஸ்ட் சுவின்டன் 1918இல் ஸ்டொக்டனுக்கே சென்று ஹோல்ட்டுக்கு நன்றி கூறினார். சதுப்பில் உழுவதற்குப் பிறந்த ஒன்றுக்குக் கிடைத்த விசித்திரமான நன்றி அது.

நமது நாட்டில் இந்த இயந்திரங்கள் பெரும் படையாக இறங்கிய இடங்களுள் முதன்மையானது கல்லோயாத் திட்டம். தமிழில் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறிக்கும் வேலையை 1949இல் அமெரிக்காவின் மொரிசன்-நட்சென் நிறுவனம் பொறுப்பேற்றது. ஏறத்தாழ 3,600 அடி நீளமான மண் அணை அது. பின்னால் தேங்கும் நீரின் கொள்ளளவு 770,000 ஏக்கரடி. அந்த அளவு மண்ணை மண்வெட்டியாலும் கூடையாலும் அள்ளிக் கொட்டுவதென்றால் ஒரு தலைமுறை போதாது. இயந்திரங்களால் சில ஆண்டுகளில் முடிந்தது. டி. எஸ். சேனநாயக்கவின் பெயர் அந்த நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது.

அந்தக் குடியேற்றங்களின் அரசியல் தனியாக எழுதப்பட வேண்டியது. 1956 யூன் மாதம் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்ட வன்முறையில் அபிவிருத்திச் சபையின் வாகனங்களும் கைப்பற்றப்பட்டுப் பயன்படுத்தப்பட்டன என்பதைச் சொல்லாமல், இயந்திரங்களின் பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போக என் மனம் இடந்தரவில்லை.

அணைகளின் கல்வெட்டுகளில் அமைச்சர்கள் இருக்கிறார்கள், பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் நேர்க்கோலும் ஸ்பனருமாகச் சங்கிலிக்கருகே குந்தியிருந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுடைய அறிவு கைநூல்களிலும் பாதிதான் ஏறியது. முன்சில்லுக்குப் பின்னால் இருக்கும் பெரிய சுருள்வில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கல்லோ கட்டையோ சங்கிலிக்குள் சிக்கினால் சில்லு பின்வாங்க இடங்கொடுப்பது அதுதான். பல தொன் விசையோடு அடைபட்டிருக்கும் அதை உரிய கருவியின்றிக் கழற்றுவது உயிராபத்து. பழைய இயந்திரங்களை வாங்கிப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். துருப்பிடித்த புரியாணிக்கு எண்ணெய் விட்டு நாட்கணக்கில் ஊறவைப்பதும், சூடேற்றித் தட்டுவதும் அவர்களின் வழக்கம். அது அசைந்துகொடுக்கும் வரை அவர்கள் அந்தச் சுருள்வில்லின் பக்கம் போவதில்லை.