சட்டாம்பிள்ளை பார்த்த வேலை

கேட்காமலே அதிகாரம் செய்கிறவனை ‘பெரிய சட்டாம்பிள்ளை’ என்று எரிச்சலோடு சொல்கிறோம். மலையாளத்தில் இந்தச் சொல் இன்னும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. அங்கே ‘சட்டம்பி’ என்றால் இன்று ரவுடி. ஆனால் அதே கேரளத்தில் 1853இல் பிறந்த ஒரு துறவியைச் சட்டம்பி சுவாமிகள் என்றே ஊர் கும்பிடுகிறது. திருவனந்தபுரத்தில் ராமன்பிள்ளை ஆசானிடம் படித்த நாளில் அவர் வகுப்புக்குச் சட்டம்பியாக இருந்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. துறவிக்கும் ரவுடிக்கும் ஒரே பெயர் பொருந்துகிறதென்றால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த வேலை மறந்துபோயிற்று என்று அர்த்தம். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையே தனக்கு இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை அது. கோடை விடுமுறை வகுப்புகளில் உதவி ஆசிரியராக நிற்கும் கல்லூரி மாணவர்கள் அதைத் தங்கள் முதல் வேலை அனுபவம் என்று விண்ணப்பங்களில் எழுதுகிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதைப் படிப்பின் ஒரு கட்டமாகவே வைத்திருந்தார்கள். உதவியாளாக இருந்த அந்தப் பிள்ளையை ஆசிரியரின் இடத்திலேயே உட்கார வைத்தபோதுதான் முறை கெட்டது. அதையும் பெரிய அளவில் செய்து பார்த்தது இங்கிலாந்து.

இப்படி ஒரு உதவியாள் ஏன் தேவைப்பட்டான் என்பதற்கு முதல் விடை காசு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஊர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒன்று. பிள்ளை ஒன்றுக்கு மாதம் நாலணா முதல் எட்டணா வரை சம்பளம். வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவது அரிது என்று மன்றோவே வருத்தப்படுகிறார். அந்த வருமானத்தில் இன்னொரு ஆளை வைத்துக்கொள்ள முடியாது. அதே திண்ணையில் மணலில் ‘அ’ எழுதும் ஐந்து வயதுப் பிள்ளையும், ஓலையில் கீழ்வாய் இலக்கம் என்ற பின்னக் கணக்கு எழுதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம் என்ற வகுப்பறை அங்கே இல்லை. ஆகவே முன்னால் போனவன் பின்னால் வருகிறவனின் விரலைப் பிடித்து மணலில் இழுத்துக் காட்டினான், அரிச்சுவடியையும் ஆத்திசூடியையும் முறை சொல்லிக்கொடுத்தான், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டான்.

காசு மட்டும்தான் காரணமென்றால் இது வறுமையின் கதையாக முடிந்திருக்கும். பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823இல் வருவாய் வாரியத்துக்கு அனுப்பிய அறிக்கை வேறொன்றையும் சொல்கிறது. தேறிய மாணவர்கள் தேறாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அப்படிச் சொல்லும்போது தங்கள் படிப்பையும் உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள், இது பாராட்டத்தக்கது, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரிதான் என்பது அவர் கருத்து. உள்ளூர்ப் பள்ளிகளின் குறைகளைக் கூசாமல் எழுதிய அதிகாரி அவர். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்கிறார்கள் என்று அதே அறிக்கையில் குறைசொல்கிறார். அதனால்தான் அவர் பாராட்டுக்கு எடை அதிகம். எண்சுவடியின் வாய்பாட்டை நாற்பது முறை தனக்குள் சொல்லிப் பார்ப்பதும், தப்பாகச் சொல்கிற சின்னப் பையனை நாற்பது முறை திருத்துவதும் ஒன்றல்ல. திருத்துகிறவனுக்குத்தான் தப்பு எங்கே பிறக்கிறது என்று தெரியும்.

சட்டாம்பிள்ளை பாடம் சொன்னதைவிட அடித்ததுதான் அதிகம் என்று ஒருவர் மறுக்கலாம். அதில் உண்மை இருக்கிறது. வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பு அவன் கையில் இருந்தது. வலுத்த பையனாகப் பார்த்து அந்தப் பொறுப்பைக் கொடுப்பதும் உண்டு. காலையில் முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதி, மூன்றாவதாக வந்தவனுக்கு ஓரடி, நாலாவதாக வந்தவனுக்கு ஈரடி என்று கூட்டிக்கொண்டே போகும் வழக்கத்தைக் கேம்பெலே பதிவு செய்திருக்கிறார். வாத்தியார் பிள்ளைகளைக் கோதண்டத்தில், அதாவது கூரையில் கட்டிய கயிற்றில், தொங்கவிட்ட காலத்தில் அவருடைய உதவியாள் மட்டும் சாதுவாக இருந்திருக்க முடியாது. சட்டாம்பிள்ளை தன் காலத்துப் பள்ளியின் கொடுமையைச் சுமந்தான். அவன் செய்த இரண்டு வேலைகளில் அடியை மட்டும் நம் பேச்சுமொழி நினைவில் வைத்துக்கொண்டது. அடிபட்டவர்கள்தானே எண்ணிக்கையில் அதிகம்!

இனி கப்பலேறிய கதை. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். ஒரு நாள் ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் நடத்தச் சொன்னார். அங்கே சம்பளம் வாங்கிய உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். வேலை நடந்தது. 1797இல் லண்டனில் வெளியான பெல்லின் புத்தகம் இதை உலகுக்குச் சொன்னது. ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் நிலைத்தது. மணலை மட்டுமே இங்கிருந்து எடுத்தேன், மாணவனை ஆசிரியனாக்கியது என் கண்டுபிடிப்பு என்பதுதான் பெல்லின் கட்சி. பிள்ளைகளை இணை இணையாகப் பிரித்ததும், பதிவேடு வைத்ததும், வகுப்புகளைக் கட்டாக ஒழுங்குபடுத்தியதும் அவருடையவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னட நாட்டில், கோயில் தாழ்வாரத்தில் சில சிறுவர்கள் வாத்தியார் பக்கத்தில் இல்லாமலே மணலில் எழுதி, ராகம் போட்டு ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொண்டதை எழுதிவைத்திருக்கிறார். பெல் பிறந்தது 1753இல். மணலைக் கண்ட கண்ணுக்கு, மணலைச் சுற்றி நடந்தது படவில்லை என்பதை நம்புவது கடினம்.

லண்டனில் 1798இல் பள்ளி தொடங்கி, இதே போல மாணவர்களைக் கொண்டே பாடம் நடத்திய ஜோசஃப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்றார். (அவர் பள்ளியில் தப்புச் செய்த பையனைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். கோதண்டத்துக்கு அங்கேயும் ஒரு பங்காளி.) திண்ணையில் வாத்தியார் கூப்பிடு தூரத்தில் இருந்தார், சட்டாம்பிள்ளை மாலையில் அவரிடம் தன் பாடத்தையும் ஒப்பிக்க வேண்டும். ஆயிரம் பேர் கூடத்தில் அந்தக் கயிறு அறுந்தது. பத்து வயதுப் பையனுக்குக் கற்றுத்தர யாருமில்லை, தனக்குத் தெரிந்த கொஞ்சத்தை அவன் திரும்பத் திரும்ப விநியோகித்தான். 1846இல் அங்கே கல்வி அதிகாரி கே-ஷட்டில்வொர்த் கொண்டுவந்த மாணவ ஆசிரியர் திட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. பதின்மூன்று வயதில் சேர்ந்து ஐந்தாண்டு பயிற்சி; முதல் ஆண்டு 10 பவுன், கடைசி ஆண்டு 20 பவுன் சம்பளம். அதைவிட முக்கியமாக, தலைமை ஆசிரியர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டும் என்றது விதி. திண்ணையில் வழக்கமாக இருந்ததை இங்கிலாந்து ஐம்பது ஆண்டு சுற்றிப் போய்ச் சட்டமாக எழுதிக்கொண்டது.

சம்பளம் மட்டும் திண்ணையில் கிடையாது. படிப்பே கூலி என்ற அந்த ஏற்பாட்டை அழகு என்று வியக்கிறவர்கள், அந்தப் படிப்பு யாருக்குக் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். பெண்பிள்ளைகள் மிகச் சிலர். தீண்டாமைக்கு உள்ளானவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை. சட்டாம்பிள்ளை ஆவதற்கு முதலில் பிள்ளையாக உள்ளே வர வேண்டுமே. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாலை வேளையில் பாடம் சொல்லித்தந்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது; அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொகை சிறிது. ஆனால் அவர்கள் பள்ளிக்குத் துணையாக நிறுத்தப்பட்டார்கள். பள்ளியின் இடத்தில் யாரும் அவர்களை நிறுத்தவில்லை.

பெல் 1832இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளி இன்றும் நடக்கிறது. குளிர்காற்று வீசும் அந்தக் கடலோர ஊரில் அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ்.