சோழியில் எண்ணிய கிரகணம்

2025 செப்டம்பர் 7 ராத்திரி, புதுச்சேரி வீட்டு மொட்டை மாடி. "எத்தனை மணிக்குடா பிடிக்குது?" என்றாள் அம்மா. மொபைலைப் பார்த்து "9.57" என்றேன். அந்த நேரத்துக்கு நிலாவின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. "யாரு கணக்குப் போட்டது?" அடுத்த கேள்வி. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். பதில் தெரியவில்லை.

இருநூறு வருஷத்துக்கு முன் இதே ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு மனிதரைக் கைகாட்டியிருக்க முடியும். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர் ஜான் வாரன். தென்னிந்தியர்களின் காலக் கணக்குகளைத் திரட்டி 'கால சங்கலித' என்ற நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டவர். 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார் ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளை அடுக்கி எண்ணினார். அட்டவணைகள் எல்லாம் சொற்களாக அவர் மனசில் இருந்தன.

அந்தச் சொற்களுக்குப் பெயர் 'வாக்கியம்'. எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து, எண்களைச் சொல்லாக்கி மனப்பாடம் செய்வது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. 248 நாளில் சந்திரனின் வேக மாற்றம் ஏறத்தாழ ஒன்பது சுற்று முடித்துவிடும். பிறகு முதலிலிருந்து. இதே 248 பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கிறது. எங்கள் மொழியில் சொன்னால், முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சேமித்துவைத்த டேபிள்.

விடை எப்படி வந்தது? கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. அவருடைய அளவுகோலிலேயே பார்ப்போம். ஒரு நாழிகை 24 நிமிடம். அதில் அறுபதில் ஒரு பங்கு விநாடி, அதாவது 24 நொடி. (இன்று நாம் நொடியையே விநாடி என்கிறோம், சொல் அப்படியே இருக்க, அளவு இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.) தொடக்கத்தில் பிசகியது பத்தே விநாடி. முடிவிலோ இரண்டு நாழிகை பத்து விநாடி.

அந்த ஆளுக்கு வானியல் கோட்பாடு ஒரு வார்த்தைகூடப் புரியாது, நினைவாற்றல்தான் அபாரம் என்றார் வாரன். முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அது என்னைப் பற்றியும்தானே என்று தோன்றியது. யாரோ எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன், நேரம் வருகிறது. அவருக்காவது முழு டேபிளும் தலையில் இருந்தது. எனக்கு நெட் போனால் அதுவும் கிடையாது.

ஆனால் வாரன் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. மனப்பாடம் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும்; திருத்தாது. அந்த 52 நிமிடத்தைச் சரிசெய்ய, எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்த ஒருவர் வேண்டும். பிசகு சேர்ந்துகொண்டே போகும். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ, தங்களுக்கு 2026இல்தான் என்று அறிவித்தது. ஒரே வானம், ஒரே சனி, கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம்.

எங்கள் தொழிலிலும் இப்படிப் பழைய கோடு உண்டு. எழுதியவர் போயிருப்பார், ஓடிக்கொண்டிருக்கும், தொட எல்லோருக்கும் பயம்.

இந்த முறை பிசகவில்லை. 1.27க்கு விட்டது. அம்மா அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். காலையில் மறுபடி கேட்பாள் என்று தெரியும். 248இலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.