மனையும் மதமும்

செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரெமன்ஹீர், 1891-ஆம் ஆண்டு பறையர் நிலை குறித்துச் சர்க்காருக்கு எழுதிய அறிக்கையில், தலைமுறை தலைமுறையாகச் சேரியில் வாழ்ந்தவர்களுக்குத் தாம் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், அதன்மீதும் மிராசுதாரர்கள் பாத்தியதை கொண்டாடினார்கள் என்பதையும் எடுத்துரைத்தார். எசமானின் மனம் கோணினால் குடிசையையும் இழக்க நேரிடும் என்ற அச்சமே, அவர்களைக் கட்டிப்போட்டிருந்த விலங்குகளுள் வலியதாயிருந்தது.

இத்தகைய அச்சத்துக்குத் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவர்கள் கண்ட பரிகாரம், அவ்வறிக்கைக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முற்பட்டது. மதம் மாறியதனால் உபத்திரவத்துக்கு ஆளான குடும்பங்களுக்காக, டேவிட் சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் 1799-இல் நிலம் வாங்கி முதலூரை நிறுவினார். 1814-இல் சாமுவேல் சாயர் வாங்கியளித்த நிலத்தில் சாயர்புரம் எழுந்தது. பிரஷ்யப் பிரபு டோனா அனுப்பிய நன்கொடையைக் கொண்டு மிஷனரி ரேனியஸ் ஐயர் 1827-இல் டோனாவூரை அமைத்தார். இவ்வாறு தனிமனிதரின் தயாள குணத்தையே நம்பியிருந்த முயற்சி, 1830-இல் ரேனியஸ் தோற்றுவித்த தர்ம சங்கத்தினால் ஒரு ஸ்தாபனத்தின் காரியமாயிற்று. ஆதரவற்ற விசுவாசிகள் அஞ்சாது கூடி வாழ்வதற்கென்றே அச்சங்கம் மனையும் நிலமும் வாங்கியது.

தம் சமயத்தாருக்கு மனை தரும் இம்முறை பம்பாய்ப் பார்சிகளிடமும் இருந்தது; ஆனால் அவர்கள் கதையில் உபத்திரவம் இல்லை. தனவந்தர்கள் தம் இனத்து எளியோருக்காகக் குஸ்ரூ பாக், ருஸ்தம் பாக் முதலிய குடியிருப்புகளைக் கட்டுவித்துச் சொற்ப வாடகைக்கு விட்டார்கள். ஆமதாபாத்திலுள்ள பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கமொன்று தன் உறுப்பினர் உரிமையைப் பார்சிகளுக்கே வரையறுத்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2005-இல் தீர்ப்பளித்தது.

துரத்தப்பட்டவனுக்குத் தன் சமயத்தார் நிழல் தருவது அறமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் மனைக்கு மதம் நிபந்தனையாகும்போது, மனம் மாறியவனும் புறத்தே நிற்பவனும் யாரை அண்டுவது என்ற வினாவுக்கு, எத்துணைப் பெரிய தர்மமும் விடை கூற இயலாது. அந்த விடையைச் சட்டமே கூற வேண்டியிருந்தது. உழவர்க்கும் விவசாயத் தொழிலாளர்க்கும், அவர்தம் சமயம் இன்னதென்று கேளாமலே, பிறர் நிலத்தில் அவர்கள் குடியிருந்த மனையை உரிமையாக்கிய தமிழ்நாட்டுக் குடியிருப்புச் சட்டம் நிறைவேறியது 1971-இல்தான்.